சொல்லியாச்சு... அப்புறம்?

உங்கள் வீட்டில் பேங்க்கிலோ, ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்க்கிற பிள்ளை இருந்தால், இந்தக் காட்சியை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

வலது கையில் தோசை. இடது கையில் மவுஸ். லேப்டாப் திரையில் கோட்டு போட்ட ஒரு பொம்மை மனிதர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்காது. சத்தத்தை அணைத்தாகிவிட்டது. இடது கை மட்டும் ‘நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்...’ என்று தட்டிக்கொண்டே போகும்.

“என்னடா அது?”

“கட்டாய ட்ரெயினிங்ப்பா. இன்னிக்குள்ள முடிக்கலைன்னா மேனேஜருக்கு மெயில் போயிடும்.”

“எதைப் பத்தி?”

பிள்ளை ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் திரையின் மேலே இருக்கிற தலைப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும்: “எதிக்ஸ்ப்பா... நேர்மை!”

சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும்தான். ஆனால், சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒருத்தரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால், சொன்னவரின் பொறுப்பு அத்தோடு தீர்ந்துபோகிறதா?

நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். ‘சொல்லியாச்சு.’ “நான் சொல்லியாச்சுப்பா... இனிமே உன் பாடு!” என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் நீட்டுகிற நாலு பக்கக் காகிதத்தில், கையெழுத்துப் போடுகிற இடம் எது என்று மட்டும் பார்க்கிறோமே, அதுவும் ‘சொல்லியாச்சு’தான். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் கடைசியில், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி ஒருத்தர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாரே... அது ‘சொல்லியாச்சு’வின் உச்சம்!

யோசித்துப் பார்த்தால், சொல்வதில் இரண்டு ரகம் உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே என்று சொல்வது ஒரு ரகம். நாளைக்கு நம்மேல் பழி வரக் கூடாதே என்று சொல்வது இன்னொரு ரகம். இரண்டிலும் வார்த்தைகள் ஒன்றாகவே இருக்கலாம். கேட்கிறவருக்கு மட்டும் வித்தியாசம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. பிள்ளை சத்தத்தை அணைப்பது அதனால்தான்.

இப்போது அந்தக் கோட்டு போட்ட பொம்மை மனிதரிடம் வருவோம். அவர் எங்கே பிறக்கிறார் தெரியுமா?

பல சமயம் நம்ம சென்னையில்தான். கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களில், வேறு கம்பெனிகளின் ஊழியர்களுக்காக ஆன்லைன் பாடங்கள் தயாரிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புனே, மும்பை, ஹைதராபாத்திலும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் பேங்க் ஊழியரும், ஐரோப்பாவில் இருக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதியும் படிக்கிற பாடத்தை இங்கே நம் தெருப் பெண் ஒருத்தி எழுதியிருக்கலாம்.

இதில் ரெடிமேட் பாடங்களும் உண்டு. தீ விபத்துக்கு என்ன செய்வது, பாஸ்வேர்டை எப்படிப் பாதுகாப்பது மாதிரி எல்லா கம்பெனிக்கும் பொதுவானவை. ‘எங்களுக்குன்னு தனியா வேணும்’ என்று கேட்டால், அது அளவெடுத்துத் தைக்கிற சட்டை. நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி.

கிளையன்ட் வருவார். “எங்க ஆளுங்க 5,000 பேர். எல்லாருக்கும் அரை மணி நேரக் கோர்ஸ் வேணும்” என்பார். உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட மாட்டார்கள். முதலில் அலசல். படிக்கப்போகிறவர் யார்? இப்போது என்ன செய்கிறார்? படித்த பிறகு என்ன செய்ய வேண்டும்? அப்புறம், விஷயம் தெரிந்த நிபுணர் ஒருவரை கிளையன்ட் தரப்பிலிருந்து கொடுப்பார்கள். அந்த கம்பெனியிலேயே ரொம்ப பிஸியான ஆள் அவராகத்தான் இருப்பார். 200 ஸ்லைடுகளை மெயிலில் அனுப்பிவிட்டு, “எல்லாமே முக்கியம்” என்று ஒரு வரி எழுதுவார்.

அந்த 200 ஸ்லைடுகளோடு மல்லுக்கட்டுகிறவருக்குப் பெயர் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். நிபுணர் பேசுகிற பாஷையை, புதுசாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் புரிகிற பாஷையில் மாற்றுகிறவர். சினிமாவுக்குத் திரைக்கதை மாதிரி இவர் ஒரு ஸ்டோரிபோர்டு எழுதுவார். கட்டம் கட்டமாக இருக்கும். திரையில் என்ன எழுத்து, குரல் என்ன சொல்ல வேண்டும், என்ன படம், எதைத் தொட்டால் எது திறக்கும்... எல்லாம் அதில். கிளையன்ட் ஓகே சொன்ன பிறகு படம் வரைகிறவர், புரோகிராம் எழுதுகிறவர், குரல் கொடுக்கிறவர் என்று வேலை கைமாறும். இப்போது பல பாடங்களில் அந்தக் குரலும் கம்ப்யூட்டர் குரல்தான்.

முதல் வடிவத்துக்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர். திருத்தியது ‘பீட்டா’. எல்லாம் முடிந்தது ‘கோல்டு’. நடுவில் எக்ஸெல் ஷீட்டில் வரிசையாகத் திருத்தங்கள் வரும். ‘7-ம் பக்கத்தில் மேனேஜர் டை கட்டியிருக்க வேண்டும்’, ‘எங்கள் கம்பெனி நீலம் இந்த நீலம் அல்ல’ என்கிற ரகம்தான் அதிகம். ‘இது எங்கள் ஊழியருக்குப் புரியுமா?’ என்று கேட்கும் வரி அபூர்வம்.

இந்த வேலைக்கு ஐந்து படிகள் கொண்ட ஒரு பிரபலமான வழிமுறை உண்டு. அலசல், வடிவமைப்பு, தயாரிப்பு, நடைமுறை, மதிப்பீடு. 1975-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிக் கொடுத்த முறையிலிருந்து வந்தது அது. ராணுவத்துக்கு என்பதை யோசித்துப் பாருங்கள். பீரங்கியைக் கையாளத் தெரியாத சிப்பாயிடம், ‘நாங்க சொல்லியாச்சு, நீ கையெழுத்துப் போட்டிருக்கே’ என்று காகிதத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? அங்கே பாடம் ஏறியதா இல்லையா என்பது களத்தில் தெரிந்துவிடும்.

ஆபீஸ்களுக்கு அந்த முறை வந்தபோது முதல் நான்கு படிகளும் ஜோராக வந்தன. ஐந்தாவது படியில்தான் கொஞ்சம் சறுக்கல்.

ஏன் என்பதற்கு ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் சொல்கிறேன், பயந்துவிடாதீர்கள். தயாரான பாடத்தை கம்பெனியின் பயிற்சி சர்வரில் ஏற்றுவார்கள். பாடமும் சர்வரும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள ஒரு பொது பாஷை வேண்டும் அல்லவா? அதற்கு ‘ஸ்கார்ம்’ என்று பெயர். இதையும் அமெரிக்க ராணுவ அமைச்சகத்தின் ஒரு திட்டம்தான் உருவாக்கியது. 2001-ல் வந்த அதன் 1.2 பதிப்பு, படிக்கிறவரின் நிலைமையைக் குறிக்க மொத்தம் ஆறே ஆறு வார்த்தைகளை அனுமதித்தது. தேறினார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவே இல்லை.

அவ்வளவுதான். ‘புரிந்துகொண்டார்’ என்று ஏழாவது வார்த்தை இல்லை. அதை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. புரிந்ததா என்பதை எந்த மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆனால், மெஷினால் அளக்க முடிந்தது எதுவோ, மேலதிகாரிகளின் ரிப்போர்ட்டில் அதுவே ஏறிவிட்டது. ‘98 சதவிகிதம் பேர் முடித்துவிட்டார்கள்’ என்று பச்சைக் கலரில் ஒரு வட்டம். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி.

நான் படித்தது பி.காம். கணக்குத் தணிக்கை பாடத்தில் முதலில் சொல்லித் தருவது வவுச்சர் சரிபார்ப்பு. 500 ரூபாய் செலவு என்று நோட்டில் எழுதியிருந்தால், அதற்கு ரசீது எங்கே என்று பார்க்க வேண்டும். அதோடு வாத்தியார்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். வவுச்சர் இருப்பதாலேயே செலவு நடந்துவிட்டதாக நம்பிவிடாதே. மூட்டை மூட்டையாக ரசீது இருக்கும், குடோனில் ஒரு மூட்டை அரிசி இருக்காது. பயிற்சி முடித்த சர்டிஃபிகேட்டும் ஒரு வவுச்சர்தான். அரிசி இருக்கிறதா என்று குடோனைத் திறந்து யார் பார்ப்பது?

இங்கேதான் அளவெடுத்துத் தைக்கிற உதாரணம் கொஞ்சம் இடிக்கிறது. தையல் கடையில், காசு கொடுக்கிறவர் அப்பாவாக இருந்தாலும் டேப்பைப் பிள்ளையின் தோளில்தான் வைப்பார்கள். இந்தத் தொழிலில் பல சமயம் அப்பாவையே நிற்க வைத்து அளவெடுத்து, பிள்ளைக்குத் தைத்துவிடுகிறார்கள். பாடத்தை ஆர்டர் பண்ணுகிறவர், சரி பார்க்கிறவர், ஓகே சொல்கிறவர், பணம் தருகிறவர் எல்லோரும் கிளையன்ட்தான். படிக்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் ஒரு மீட்டிங்கில்கூட இருப்பதில்லை.

இன்னொருத்தரும் அந்த அறையில் இல்லை. பாடம் சரியாக ஏறாவிட்டால் அடிபடப்போகிறவர். பேங்க்கில் வரிசையில் நிற்கிற பெரியவர், மருந்து சாப்பிடுகிற நோயாளி, பக்கத்து சீட்டில் வேலை பார்க்கிற பெண்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்று ஒரு பெரிய பேங்க். 2016 செப்டம்பரில் அதற்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. காரணம், வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகளும் கிரெடிட் கார்டுகளும் தொடங்கியிருந்தார்கள். பேங்க் சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதம் தலைமை அதிகாரியும் பதவி விலகினார்.

அப்படியானால் அந்த ஊழியர்களுக்கு நேர்மை பற்றி யாரும் சொல்லித் தரவில்லையா? தந்தார்கள். கள்ளக் கணக்கு தொடங்காதீர்கள் என்று வகுப்பு வைத்துத்தான் சொன்னார்கள். ஆனால், அதே பேங்க் இன்னொரு பக்கம், ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் 8 சேவைகளையாவது கட்ட வேண்டும் என்று இலக்கு வைத்துத் துரத்தியது. வகுப்பில் ஒரு குரல், இலக்கில் இன்னொரு குரல். சம்பளமும் பதவியும் எந்தக் குரலின் கையில் இருந்ததோ, அந்தக் குரல் ஜெயித்தது. கடைசியில் மாட்டிக்கொண்ட கவுன்ட்டர் ஊழியரிடம், ‘உங்களுக்குத்தான் சொல்லியிருக்கோமே’ என்று கை காட்ட அந்த வகுப்பு உதவியிருக்கும்.

பயிற்சி என்பது அறிவைக் கொடுப்பதற்குப் பதில் பழியைக் கைமாற்றும் கருவியாக மாறுகிற இடம் இதுதான். மேலே இருக்கிறவர்களின் தோளிலிருந்து இறங்கி, கீழே இருக்கிறவன் தோளில் போய் உட்காரும். மாற்றிவிடுவதற்கு ஆகிற செலவு, அரை மணி நேரப் பாடம் ஒன்றின் விலை!

நம்ம ஊருக்கே வருவோம். உங்கள் பேங்க் கிளையில் மூணு கவுன்ட்டர். இரண்டு பூட்டியிருக்கும். ஒன்றில் இருக்கிற அம்மா, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்ப்பார். கடைசியில் வருகிற உங்களிடம் எரிந்து விழுவார். நீங்கள் புகார் எழுதிப் போடுவீர்கள். மேலிடம் என்ன செய்யும்? ‘வாடிக்கையாளரிடம் புன்னகையோடு பேசுவது எப்படி?’ என்று அந்த அம்மாவுக்கு ஒரு கோர்ஸ் ஆர்டர் பண்ணும்! அவருக்குச் சிரிக்கத் தெரியாதா என்ன? வீட்டில் பேரக் குழந்தையிடம் சிரிக்கிறவர்தான். பூட்டிய கவுன்ட்டரைத் திறந்தால் சிரிப்பு தானாக வரும். ஆனால், கவுன்ட்டரைத் திறக்க ஆள் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். கோர்ஸ் மலிவு.

நல்ல இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் முதல் மீட்டிங்கிலேயே இதைக் கேட்டுவிடுவார். ‘இவங்களுக்குத் தெரியாததால செய்யலையா, தெரிஞ்சும் செய்ய முடியலையா?’ தெரியாததற்குத்தான் பாடம் மருந்து. செய்ய முடியாததற்கு மருந்து வேறு. ஆனால், இப்படிக் கேட்பது வியாபாரத்துக்கு ஆபத்து. பதில் ‘செய்ய முடியலை’ என்று வந்தால், ஆர்டர் போய்விடும். தலைவலிக்கு ஸ்கேன் வேண்டாம், தூங்கி எழுந்தால் போதும் என்று சொல்கிற டாக்டரின் நிலைமைதான்.

தோழி ஒருவர் இந்தத் துறையில் 15 வருடங்களுக்கு மேல் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். அவருக்கு ஒரு முறை, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய கோர்ஸ் எழுதுகிற வேலை வந்தது.

இந்தச் சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்று ஒரு கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளானார். அவர் வேலையைச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது. அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-ல் சுப்ரீம் கோர்ட்டின் விசாகா தீர்ப்பு வந்தது. 2013-ல் சட்டம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஒவ்வோர் அலுவலகத்திலும், ஒவ்வொரு கிளையிலும், ஒரு புகார் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை. வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். ஊழியர்களுக்கு விழிப்பு உணர்வுப் பயிற்சி கொடுக்க வேண்டும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

தோழி கிளையன்ட்டிடம் முதலில் கேட்டது இதுதான்: “புகார் கொடுக்கணும்னா யார்கிட்ட போகணும்? கிளை வாரியா கமிட்டி மெம்பர்ஸ் பேரும் போன் நம்பரும் அனுப்புங்க. கோர்ஸோட கடைசிப் பக்கம் அதுதான்.”

போனில் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், “பேரெல்லாம் மாறும் மேடம். மாறும்போதெல்லாம் கோர்ஸைத் திருத்த முடியாது. பொதுவா போட்டுடுங்க” என்று பதில் வந்தது. ‘சரி, பெயர்ப் பட்டியல் இருக்கிற பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுக்கிறேன், பட்டியலை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்’ என்றார் இவர். இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்த கம்பெனியின் ஒரு ஜூனியர் பெண் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார்: “மேடம், லிஸ்ட் வராது. நாலு கிளையில கமிட்டியே கிடையாது.”

கோர்ஸ் தயாரானது. அழகான படங்கள். மூன்று குட்டிக் கதைகள். 10 கேள்விகள். 80 சதவிகிதம் எடுத்தால் பாஸ். கடைசிப் பக்கத்தில், ‘மேலும் விவரங்களுக்கு உங்கள் ஹெச்.ஆர். அதிகாரியை அணுகவும்’ என்று ஒரு வரி. பிரமாதம் என்று கிளையன்ட்டிடமிருந்து பாராட்டு மெயில் வந்ததாம்.

“அன்னிக்கு எங்க டீமுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தாங்க சார். எனக்கு இறங்கலை” என்றார் தோழி. “அந்த நாலு கிளையில ஏதோ ஒண்ணுல ஒரு பொண்ணுக்கு ஏதாவது நடக்கும். அவ நான் எழுதின கோர்ஸை 100 மார்க் வாங்கி முடிச்சிருப்பா. எந்தச் செக்‌ஷன், எது குற்றம், எல்லாம் தெரியும். யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு மட்டும் தெரியாது.”

இதைக் கேட்ட பிறகு, ‘சொல்லியாச்சு’ என்கிற வார்த்தை எனக்கு முன்னைப்போல வேடிக்கையாகத் தெரியவில்லை.

இதைப் பற்றி ஒரு ஹெச்.ஆர். நண்பரிடம் வாதம் பண்ணினேன். அவர் தரப்பையும் நீங்கள் கேட்க வேண்டும். “50,000 பேர், 30 ஊர். ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சா சொல்லித் தர முடியும்? எங்களால முடிஞ்சது, எல்லாருக்கும் ஒரே மாதிரி விஷயம் போய்ச் சேர வைக்கிறது. அவன் மியூட் பண்ணிட்டு தோசை சாப்பிட்டா அதுக்கும் நாங்களா பொறுப்பு?” என்றார்.

நியாயமான கேள்விதான். கேட்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. 2019 ஜூனில் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஆணையம், கே.பி.எம்.ஜி. என்கிற பெரிய தணிக்கை நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் அபராதம் போட்டது. சொன்ன குற்றங்களில் ஒன்று, அதன் ஆடிட்டர்கள் உள்பயிற்சித் தேர்வுகளில் விடைகளைத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பாஸ் மார்க்கையே கம்ப்யூட்டரில் குறைத்துவிட்டார்கள். 25 சதவிகிதத்துக்கும் குறைவாகச் சரியான விடை எழுதி பாஸ் ஆனவர்களும் உண்டு! 2022 ஜூனில் இ.ஒய். நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம். அங்கே காப்பி அடித்த தேர்வுகளில் முக்கியமானது... ஆடிட்டர்களுக்கான நன்னெறித் தேர்வு. ஊரார் கணக்கில் வவுச்சர் கேட்கிறவர்கள், தங்கள் வவுச்சரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

இவர்களை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், கெட்டிக்காரர்கள், மேல்படிப்பு படித்தவர்கள் இத்தனை பேர் ஏன் இந்த வேலை செய்தார்கள்? ஒரு நிறுவனம் ‘சொல்லியாச்சு’ என்கிற மனசோடு சொல்லும்போது, எதிரில் இருப்பவன் ‘கேட்டாச்சு’ என்கிற மனசோடு கேட்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ரிப்போர்ட்டில் வட்டம் பச்சையாக இருக்கும் வரை யாரும் அதைப் பேசுவதில்லை.

அப்படியானால், சொல்கிறவரின் பொறுப்பு எதுவரை? நண்பர் சொன்ன மாதிரி அது முடிவே இல்லாததாக இருக்க முடியாது. ஒருவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்து பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த அளவில், கோடு இங்கே விழுகிறது. நான் சொன்னதை வைத்து, தேவைப்படுகிற நேரத்தில், அவரால் அதைச் செய்ய முடியுமா? செய்தால், நானே அவரைத் தண்டிக்காமல் இருப்பேனா? இந்த இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் இருந்தால், பாக்கி அவர் பாடு. அப்போது ‘சொல்லியாச்சு’ என்று நிமிர்ந்து சொல்லலாம். வெல்ஸ் ஃபார்கோவால் இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ சொல்ல முடியாது. கமிட்டி இல்லாத அந்த நாலு கிளையால் முதல் கேள்விக்கே சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் பாடம் தயாரிக்கிறவரின் இடம் எது? ‘நான் தையல்காரன், துணியும் அளவும் கொடுத்தது அவர்’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாமா? முழுசாக முடியாது என்பது என் கட்சி. ஏனென்றால், கேள்வி கேட்பதற்கென்றே ஒரு படியை வைத்திருக்கிற தொழில் இது. ‘உங்க ஆளுங்க என்ன செய்யணும்? அதைச் செய்ய அவங்களுக்கு என்ன குறுக்கே நிக்குது?’ என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அவரைப் போன்ற வெளியாள் கேட்கும்போதுதான், உள்ளே எல்லோருக்கும் தெரிந்து யாரும் சொல்லாத விஷயம் வெளியே வரும். அந்த நாலு கிளை விஷயமே அப்படித்தானே வெளியே வந்தது?

தோழி அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். இந்தச் சட்டம் பற்றிய கோர்ஸ் என்றால், கிளையன்ட் தர வேண்டிய விவரங்களின் பட்டியலில் முதல் வரியே, ‘கிளை வாரியாகக் குழு உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண்’. அது வராமல் ஸ்டோரிபோர்டில் கை வைக்க மாட்டாராம். சண்டை எதுவும் இல்லை, உபதேசமும் இல்லை. எக்ஸெல் ஷீட்டில் காலியாக ஒரு கட்டம், அவ்வளவுதான். சில கிளையன்ட்டுகள் முணுமுணுப்பார்கள். ஒன்றிரண்டு ஆர்டர்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கின்றன. “ஆனா ஒரு கம்பெனி, அந்தக் கட்டத்தை நிரப்புறதுக்காகவே ரெண்டு மாசத்துல எல்லா கிளையிலயும் கமிட்டி போட்டாங்க சார்” என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

நீங்கள் பாடம் ஆர்டர் பண்ணுகிற நாற்காலியில் இருக்கலாம். தயாரிக்கிற நாற்காலியில் இருக்கலாம். ‘நெக்ஸ்ட்’ தட்டுகிற நாற்காலியில் இருக்கலாம். எந்த நாற்காலியாக இருந்தாலும் நாளைக்குக் காலையில் ஆபீஸ் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தின் புகார் குழுத் தலைவி யார் என்று பக்கத்து சீட்டில் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லையா? நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், ஹெச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள்.

அந்தக் கோர்ஸைத்தான் எல்லோரும் முடித்துவிட்டீர்களே!